ஜப்பான் வீட்டு மாடி

ஆவுடைநாயகத்துக்கு ஜப்பான் என்று பெயர் விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் பட்டப்பெயர் இல்லாத ஆள் யார்? ஆனால் தனக்குத் தானே பட்டப்பெயர் தேடி, அதற்குப் புள்ளிவிவரமும் தயாரித்துக் கொடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நீளமான சிமெண்டு பெஞ்சு ஒன்று கிடக்கிறது. காலையில் ஆறு சுற்று நடந்துவிட்டு ஐந்து பேர் அதில் வந்து உட்காருவார்கள். ஐந்து பேரும் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசாவிட்டால் ஐந்து பேருக்கும் பேச ஒன்றுமில்லை. யார் பிள்ளை இருக்கிற நாடு பெரியது என்று ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, பேச்சுவார்த்தையே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டிய ஆவுடைநாயகம் மறுநாள் காலையில் ஒரு தாளோடு வந்தார். உலக நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, டாலர் கணக்கில், பெரியதிலிருந்து சிறியதுக்கு.

"சண்டை எதுக்குவே? இந்தா எழுத்துல இருக்கு. வரிசையா உக்காருவோம்" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்த வரிசைதான். நிழல் நன்றாக விழுகிற முனையில் அப்பாத்துரை. தலைமையாசிரியராக இருந்தவர், மகள் ஸ்டெபி டல்லாஸில் இருப்பதால் அவர் அமெரிக்கா. அடுத்தது நூகு. மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மருமகன் குவாங்சோவில் சரக்குப் பிடித்து அனுப்புவதால் அவர் சீனா. மூன்றாவதாக ஆவுடைநாயகம். அவருடைய ஒரே பையன் பாலசுப்பிரமணியன், ஹமமட்சு என்ற ஊரில் மோட்டார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் பொறியாளர். நான்காவதாக மின்வாரியத்து ஐயம்பெருமாள். மகள் மூனிச்சில் இருக்கிறாள், ஆகவே ஜெர்மனி. கடைசி முனையில் ஹெப்ரான். அவர் மகன் ஜெய்சன் எங்கேயும் போகாமல் உள்ளூரிலேயே இருந்துவிட்டதால் ஹெப்ரான் இந்தியா. அந்த முனையில் சிமெண்டு உடைந்து கம்பி தெரியும், வெயிலும் சுள்ளென்று அடிக்கும். ஹெப்ரான் துண்டை நான்காக மடித்துப் போட்டு உட்காருவார். குறை சொல்ல மாட்டார்.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பொருள் வாங்கும் சக்தியை வைத்துப் பார்த்தால் சீனாதான் முதலில் என்று நூகு ஒரு நாள் மருமகன் அனுப்பிய கட்டுரையோடு வந்தார். அப்பாத்துரை நிழலை விட்டுக் கொடுப்பாரா? தீர்ப்பு ஆவுடைநாயகத்திடம் வந்தது. "டாலர் கணக்குதான் கணக்கு. ஆளுக்கொரு அளவுகோல் வச்சா அது புள்ளிவிவரம் இல்ல, சந்தை" என்றார். இன்னொரு நாள் ஹெப்ரான் மெதுவாக, "தலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தா எப்படி வரும்?" என்று கேட்டார். "தலைக்குப் பிரிச்சா நீரு இந்த பெஞ்சுலயே உக்கார முடியாதுவே. மெயின் கேட்டுக்கு வெளிய போய் உக்காரணும்" என்றார் ஆவுடைநாயகம். எல்லோரும் சிரித்தார்கள், ஹெப்ரானும் சேர்ந்துதான் சிரித்தார். ஆவுடைநாயகத்துக்கு அந்த நாட்கள் எல்லாம் பொற்காலம்.

போன வருடம் மாசியில் முதல் அடி விழுந்தது. யென் நாணயத்தின் மதிப்பு சரிந்து, டாலர் கணக்கில் ஜெர்மனி ஜப்பானைத் தாண்டிவிட்டது. ஐயம்பெருமாள் எழுந்து வந்து ஆவுடைநாயகத்தின் முன்னால் நின்றார், அவ்வளவுதான். ஆவுடைநாயகம் ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தார். தன் கையால் போட்ட வரிசை. யாரைக் குறை சொல்ல முடியும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி பிரம்மநாயகியிடம் இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டார். இட்லி நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது அடி இந்த வருடம் தைப்பூசத்தன்று. தெரு முழுக்க ஆற்றங்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போயிருந்த மத்தியான நேரத்தில், ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. பாலு ஒரு பெட்டியோடு இறங்கினான். முப்பத்தாறு வயது, காதோரம் நரைத்திருந்தது.

தொழிற்சாலையில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். வேறு வேலைக்கு ஏழு மாதம் அலைந்திருக்கிறான். விசா முடிந்துவிட்டது. அதை அவன் சொன்னபோது ஆவுடைநாயகத்துக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெஞ்சுதான். இதற்காகப் பின்னால் அவர் எத்தனையோ தடவை வெட்கப்பட்டார். என்ன செய்ய, முதலில் வந்தது அதுதான்.

"ரெண்டு வாரம் பொறுத்துக்கிடுங்கப்பா. வேற இடத்துல பேசிக்கிட்டிருக்கேன். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று பாலுதான் முதலில் சொன்னான். ஆவுடைநாயகம் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரம் மூன்றரை மாதமானது. இப்போது யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது அவருடைய பேச்சு மட்டும்தான்.

ஒரு மனிதனை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைப்பது லேசான காரியம் அல்ல. வேலைக்காரியை நிறுத்தினார்கள். பிரம்மநாயகி முழங்கால் வலியோடு இரண்டு வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினாள். பாலுவின் துணிகள் மாடி அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காய்ந்தன; அறை எந்நேரமும் ஈர வாடை அடித்தது. மாடி அறையில் ஏசி இருந்தது, போடக் கூடாது. மோட்டார் ஓடுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மாடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேள்வி வரும். சித்திரை வெயிலில் தளம் காய்ந்து சூடு இறங்க, பாலு ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்துக் கிடந்தான். முடி வெட்ட ஆவுடைநாயகம் இயந்திரம் ஒன்று வாங்கி வந்து தானே வெட்டிவிட்டார். பின்னந்தலை எலி கடித்தது போலாயிற்று. "எவன் பாக்கப் போறான்?" என்று பாலு சிரித்தான். அப்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆவுடைநாயகத்தின் பாடும் அதே பாடுதான். அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குத் தென்காசி போக முடியவில்லை. வாசல் மணி அடித்தால் மாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். ஒரு நாள் காலை மாநகராட்சியிலிருந்து டெங்குத் தடுப்பு வேலைக்கு கெசியா என்ற பெண் வந்தாள். கையில் நோட்டு.

"வீட்டுல எத்தன பேரு சார்?"

"ரெண்டு பேரு."

"மாடித் தொட்டியப் பாக்கணும் சார்."

"நேத்துதாம்மா கழுவுனோம். மூடி போட்டு இறுக்கமா இருக்கு. எழுதிக்கோ."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. ரெண்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஆவுடைநாயகத்துக்குக் காது மடல் சூடானது. கணக்கெடுக்கப் போகிற பையன்களுக்கு முப்பத்தோரு வருடம் அவர் சொல்லிக் கொடுத்த பாடம் அது: வீட்டுக்காரன் வாயால் சொல்கிற எண்ணை நம்பாதே, வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணு. அதனால்தான் தைப்பூசத்தன்றைக்கே பாலுவின் செருப்பை மாடிக்கு எடுத்துப் போகச் சொல்லியிருந்தார். எப்போதாவது கீழே குளிக்க வந்தாலும் பாலு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து, கையில் எடுத்துக்கொண்டே போனான்.

வைகாசி பிறந்தது. ஒரு நாள் பெஞ்சில் பதநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஹெப்ரான் பேச்சை எடுத்தார். பதநீர்க்காரர் முதல் ஓலைப்பட்டையை அமெரிக்காவுக்குக் கொடுத்து வரிசையாக வந்து, கடைசிப் பட்டையை ஹெப்ரானுக்குக் கொடுப்பது வழக்கம்.

"ஏ ஜப்பான், ஒரு விஷயம். எங்க ஜெய்சன் சமாதானபுரத்துல வகுப்பு ஒண்ணு ஆரம்பிக்கான். ஜப்பானுக்கு முதியோரப் பாத்துக்கிடுத வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு அந்த பாஷை சொல்லிக் குடுக்கணும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து எறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளைகளே ஆறு பேரு சேந்திருக்கு. பாடம் எடுக்க ஆளுதான் இல்ல. அங்கன இருந்து திரும்பி வந்தவங்க யாரையும் உம்ம பையனுக்குத் தெரியுமா?"

ஆவுடைநாயகம் மீதிப் பதநீரை ஒரே மடக்கில் குடித்தார். "கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

வீட்டில் வந்து பிரம்மநாயகியிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். பாலு மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டான். இறங்கி வந்தான், செருப்பைக் கையில் பிடித்தபடியே.

"நான் போறேம்ப்பா."

"எங்க?"

"ஜெய்சன்கிட்ட. ஒம்பது வருசம் பேசுன பாஷைதான. எனக்கு அது நல்லா வரும். வேற எதுவும் இப்ப எனக்கு வேண்டாம். நாலு பேர் மூஞ்சியப் பாத்துப் பேசுனாப் போதும்."

கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன விதத்தில் பிரம்மநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடைநாயகத்துக்கும் சரி என்று சொல்லத்தான் தோன்றியது. ஆனால் வாய் வேறு பேசியது. "ஹெப்ரான் பையங்கிட்ட வேலைக்கா? நாளைக்கு நான் அந்த பெஞ்சுல எப்படிலே போய் உக்காருவேன்?"

பாலு படியேறிப் போனான். அன்றிலிருந்து சிரிப்பு நின்றது. தட்டில் பாதிச் சோறு மிச்சம் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நின்றான். ஒரு நாள் ஆவுடைநாயகம் மாடிக்குப் போனபோது, "எதிர்வீட்டு நாய் ஒரு நாளைக்கு நாப்பத்தொரு தடவை குரைக்கிப்பா. ஞாயித்துக்கிழமை மட்டும் கொறையும்" என்றான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. ஆவுடைநாயகத்துக்குப் பயம் வந்தது.

இந்த நிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை விடிந்தது. இந்தியா ஜப்பானைத் தாண்டி உலகத்தில் நான்காவது பெரிய பொருளாதாரமாகிவிட்டது என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. பெஞ்சில் ஒரே கூத்து.

"ஏ இந்தியா, எந்திச்சு வாரும். மேல வாரும்" என்று நூகு ஹெப்ரானின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு இதே போதும், விடும்" என்று ஹெப்ரான் நெளிந்தார்.

"சட்டம்னா சட்டம்தான். ஜப்பான் போட்ட சட்டம்" என்றார் ஐயம்பெருமாள்.

ஆவுடைநாயகம் எழுந்தார். கம்பி நீட்டிக்கொண்டிருந்த முனையில் போய் உட்கார்ந்தார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஒன்பது வருடமாக ஹெப்ரான் இதில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் தலை குனிந்திருந்தவருக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. பூட்டிய வீட்டுக்குள் மூன்றரை மாதமாகத் தேடிய சாவி, எதிராளி கையிலிருந்து விழுந்தது போலிருந்தது. நான்காவது இடம் இந்தியாவுக்கு என்றால், இந்தியாவில் இருக்கிற பையனுக்கும் நான்காவது இடம்தானே?

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று தொண்டையைக் கனைத்தார். "எங்க பாலு அங்க இருந்தது போதும்னுட்டான். இனிமே வளர்ச்சி நம்ம நாட்டுலதான்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தான். வார ஞாயித்துக்கிழமை ஊருக்கு வாரான். ஒரேயடியா."

பெஞ்சு அசந்துபோனது. "பாத்தீரா, முந்தியே கணிச்சிருக்கான். புள்ளியியல் ரத்தம்லா" என்றார் அப்பாத்துரை. ஹெப்ரானுக்கு ஆவுடைநாயகத்தைவிடச் சந்தோஷம். "அப்படின்னா ஜெய்சனுக்கு ஆளு தேட வேண்டாம். திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பம். திசையன்விளையில இருந்து ஒரு பிள்ளை, நான் வந்து பாடம் எடுக்கட்டுமான்னு இப்பத்தான் கேட்டுக்கிட்டிருக்கு, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுதேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் ஆவுடைநாயகம் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிச் சாப்பாடு என்று முடிவாயிற்று.

அன்றைக்கு அவர் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, பறந்து போனார். பதினெட்டுப் படியையும் மூச்சு வாங்காமல் ஏறினார்.

"ஏலே, நம்ம நாடு ஜப்பானைத் தாண்டியாச்சு. நீ கீழ எறங்கலாம்." ஏற்பாடு எல்லாம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வாடகைக் கார் வரும். பெட்டியோடு வாகைக்குளம் விமான நிலையம் வரை போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பி வந்தால் போதும். வந்து இறங்கியது போலவே இருக்கும்.

பாலு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நிதானமாக ஒன்று கேட்டான். "அடுத்த பட்டியல்ல ஜப்பான் மறுபடி மேல வந்துட்டா, நான் மறுபடி மாடிக்கு ஏறணுமாப்பா?"

"போலே கிறுக்கா" என்று ஆவுடைநாயகம் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

அந்த வாரம் வீடு மாறிவிட்டது. பாலு சவரம் செய்துகொண்டான். பெட்டியைத் துடைத்து மாடிப்படியின் கீழே கொண்டுவந்து வைத்தான். ஜப்பானிய எழுத்துகளை அட்டையில் பெரிதாக எழுதி, வகுப்புக்கு ஒரு கட்டு தயார் செய்தான். தட்டில் மிச்சம் வரவில்லை. பிரம்மநாயகி சொதிக்குப் பதினைந்து தேங்காய் வாங்கிப் போட்டாள்.

சனிக்கிழமை காலை ஆவுடைநாயகம் பெஞ்சுக்குப் போனபோது அப்பாத்துரை ஃபோனை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஸ்டெபி டல்லாஸிலிருந்து விலாவாரியாக அனுப்பியிருந்தாள். நான்காவது இடம் என்பது இந்த வருடம் முடியும்போது வரலாம் என்கிற மதிப்பீடு. வித்தியாசமும் மயிரிழைதான். வருடமே இன்னும் பாதி ஓடவில்லை. முடிந்த வருடத்துக் கணக்கில் ஜப்பான்தான் மேலே.

"மதிப்பீடு வேற, முடிஞ்ச கணக்கு வேறன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரே நீருதானவே. நீரு எப்படி ஏமாந்தீரு?" என்றார் அப்பாத்துரை. ஹெப்ரான் அதற்குள் எழுந்து தன் துண்டை எடுத்துக்கொண்டு பழைய முனைக்குப் போய்விட்டார். ஐயம்பெருமாளுக்கு அடுத்தாற்போல் நான்காவது இடம் காலியாக, நிழலோடு கிடந்தது. ஆவுடைநாயகம் போய் உட்கார்ந்தார். சிமெண்டு குளிர்ச்சியாக இருந்தது.

"உம்ம பையன் அவசரப்பட்டுட்டானே" என்றார் ஐயம்பெருமாள். "பெரிய நாட்ட விட்டுட்டு எவனாவது வருவானா? டிக்கெட்டத் தள்ளிப் போடச் சொல்லும்."

ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். அவரைத் தவிர நான்கு பேர்தான், ஆனால் அவருக்கும் தன்னையே யாரோ பார்ப்பது போலிருந்தது. மறுக்க ஒரே ஒரு வார்த்தை போதும். வந்தது வேறு.

"ஆமா. நேத்தே சொல்லிட்டேன். தள்ளிப் போட்டாச்சு."

"அப்ப ஜெய்சனுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று ஹெப்ரான் கேட்டார். "அந்தத் திசையன்விளைப் பிள்ளை இன்னைக்கு வரைக்கும்தான் பொறுப்பேன்னு சொல்லுது."

"அந்தப் பிள்ளைக்கே குடுத்துரச் சொல்லும்."

வீட்டுக்கு வந்தால் பெட்டி படிக்குக் கீழே நின்றது. பாலு புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஆவுடைநாயகம் அவன் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. கணக்கு மாறிப்போச்சு. ஹெப்ரானும் வகுப்பு தள்ளிப்போகும்னு சொன்னாரு."

பாலு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். படிக்குக் கீழே நின்ற பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். பதினெட்டுப் படியிலும் சக்கரம் இடிக்கிற சத்தம் கேட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த பிரம்மநாயகி நிறுத்தவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அவரிடம் பேசாமல் இருந்த முதல் நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை நடக்கக் கிளம்பும்போது வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. பிரம்மநாயகி கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். ஆவுடைநாயகம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். மூன்றாவது ஜோடியைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

ஆறு சுற்று முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பதநீர்க்காரர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அப்போது மைதானத்தின் வாசலிலிருந்து இஸ்திரி போட்ட புதுச் சட்டையோடு ஒருவன் வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி நேராக பெஞ்சைப் பார்த்து வந்தான். வெளுத்துப்போயிருந்தான். கையில் அட்டைக் கட்டு இருந்தது. பின்னந்தலை மயிர் எலி கடித்தது போலிருந்தது. ஆவுடைநாயகத்தின் கையிலிருந்த பட்டை சாய்ந்து பதநீர் வேட்டியில் வழிந்தது.

"பாலு தம்பியா? தள்ளிப் போட்டாச்சுன்னு சொன்னாரே உங்கப்பா" என்றார் அப்பாத்துரை.

பாலு அவருக்குக் கும்பிடு போட்டான். பிறகு கடைசி முனைக்குப் போய் ஹெப்ரானின் முன்னால் நின்றான். "மாமா, வகுப்பு என்னைக்குத் தொடங்குது? எத்தன நாள் தள்ளிப்போனாலும் நான் வாரேன். இதெல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்று கட்டை நீட்டினான்.

ஹெப்ரான் கட்டை வாங்கவில்லை. ஆவுடைநாயகத்தைப் பார்த்தார், பிறகு பாலுவைப் பார்த்தார். "தள்ளிப் போகலையே தம்பி. நாளைக்குத்தான். அந்த இடத்தத் திசையன்விளைப் பிள்ளைக்குக் குடுத்தாச்சு. உங்கப்பாதான் குடுத்துரச் சொன்னாரு. உனக்குத் தெரியாதா?"

பாலு திரும்பி அப்பாவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் ஆவுடைநாயகம் தாங்கியிருப்பார். அவன் ஒன்றும் இல்லாமல் பார்த்தான், ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து தெருவைப் பார்ப்பது போல.

"சொல்லாமக் கொள்ளாம நேத்தே கெளம்பி வந்துட்டான் போலிருக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைக" என்று அப்பாத்துரை சமாதானமாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆவுடைநாயகத்துக்கு உட்கார வாகாக ஒரு பொய்யைத் துடைத்துப் போட்டுக் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும்.

"அவன் நேத்து வரலவே" என்றார் ஆவுடைநாயகம். குரல் அவருடையது போல இல்லை. "தைப்பூசத்தன்னைக்கே வந்துட்டான். வேலை போயிட்டுது. மாடியில இருந்தான். நாந்தான் அடைச்சு வச்சிருந்தேன். உங்க முன்னால இந்த எடத்துல உக்காரணும்னு அடைச்சு வச்சிருந்தேன்."

ஐயம்பெருமாள் குனிந்து தன் ஷூவின் கயிற்றைப் பார்த்தார். நூகு தன் கையிலிருந்த பதநீரைப் பாலுவிடம் நீட்டினார். "குடி வாப்பா" என்றார். பாலு நின்றபடியே குடித்தான். "ஒரு சுத்து நடந்துட்டு வாரேன்" என்று யாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தான். பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி, இடுப்பில் கை வைத்து நின்றான். மூன்றரை மாதம் பதினெட்டுப் படியைத் தவிர வேறெங்கும் நடக்காத கால். ஆவுடைநாயகம் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றார். தொடத் துணியவில்லை. இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். தெருவில் மூன்று பேர் நிறுத்தி விசாரித்தார்கள். மூன்று பேரிடமும் அவர் உண்மையைச் சொன்னார்.

மத்தியானம் பிரம்மநாயகி கூடத்தில் மூன்று இலை போட்டாள். தள்ளிப்போன விருந்துக்கு யாரும் வரவில்லை, மறுபடி கூப்பிடவும் இல்லை. சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. பாலு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்துப் பிரம்மநாயகி ஒரு நாள் மௌனத்தை முடித்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கணவரிடம் கேட்டாள். ஆவுடைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. நாளைக்கு ஜெய்சனைத் தானே போய்ப் பார்ப்பது, கையைப் பிடித்துக் கேட்பது, அவனிடம் இல்லாவிட்டால் வேறு இடம் தேடுவது என்று மனதுக்குள் வரிசை போட்டார்.

பாலு கை கழுவிவிட்டு வந்தான். வாசலுக்குப் போய்க் குனிந்து, ஸ்டூல் பக்கத்தில் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். மாடிப்படியில் ஏறினான்.

"ஏலே, செருப்பு இங்கனயே கிடக்கட்டும்" என்றார் ஆவுடைநாயகம்.

பாலு ஐந்தாவது படியில் நின்றான். கையிலிருந்த செருப்பை அப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"மறந்துட்டேம்ப்பா" என்றான்.

சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான். செருப்பு அவன் கையிலேயே இருந்தது.